சக்கர நாற்காலியும் சின்ன வள்ளமும்

இத்தாலிக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் எங்கள் பக்கத்துத் தாய்மாருக்கு ஒரு விநோதமான வியாதி உண்டு. வீட்டிலிருந்து வான் வரை நன்றாகவே நடந்து வருவார்கள். கருவாட்டுப் பெட்டியையும் தாங்களே தூக்கி ஏற்றுவார்கள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியதும் நடை போய்விடும். உடனே ஒரு சக்கர நாற்காலி வரும், அதைத் தள்ள ஓர் ஆள் வருவார். பிறகு வரிசை இல்லை, ஆங்கிலம் தேவையில்லை, எந்த வாசல் என்று தேட வேண்டியதுமில்லை. அங்கே போய் மகளைக் கட்டிப்பிடித்த கணத்தில் நடை திரும்பி வந்துவிடும். சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை இந்த அற்புதத்தை அறியாத வீடு குறைவு.

இந்த முறையைக் கண்டுபிடித்தவன் நானல்ல. ஆனால் அதைக் கப்பல் வரை கொண்டுபோனவன் நான்தான். அதற்காக எனக்கு யாரும் மாலை போடவில்லை. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்தில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த விண்ணப்பத்துக்கு எந்த இணைப்பு, எந்தக் கையொப்பத்துக்கு மேல் எந்த முத்திரை என்பதெல்லாம் தூக்கத்திலும் தெரியும். ஊரார் இன்னமும் வீட்டுக்கு வந்து கேட்பார்கள். கேட்காதவர்களுக்கும் சொல்லுவேன். எங்கள் மகள் இத்தாலியில் முதியோரைப் பராமரிக்கும் வேலை செய்கிறாள். எங்களுடைய நாற்பதாவது திருமண ஆண்டு நிறைவுக்கு மத்தியதரைக் கடலில் ஒரு வாரக் கப்பல் பயணம் ஏற்பாடு செய்திருந்தாள். அவளும் மருமகனும் அங்கிருந்து வந்து சேர்ந்துகொள்வார்கள். செய்தி கேட்டதும் கச்சேரியில் என் பக்கத்து மேசையில் நெடுங்காலம் இருந்த நண்பன், தானும் மனைவியும் வருவதாகச் சொன்னான். முஸ்லிம்கள் துரத்தப்பட்ட தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டியில் இறங்கியவன்; இப்போது புத்தளம் நகரத்தில் வீடு.

பயணப் படிவங்களை நிரப்பும் பொறுப்பை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. விமானத்துக்கு மனைவியின் பெயரில் சக்கர நாற்காலி கேட்டேன். கப்பல் கம்பனியின் படிவத்திலும் அதே மாதிரி ஒரு கட்டம் இருந்தது. ஒரு கட்டத்தை வெறுமையாக விட எனக்கு மனம் வராது. 'சில அடிகளுக்கு மேல் நடக்க இயலாது' என்பதற்கு எதிரே சரி போட்டேன்.

"எனக்குக் கால் ரெண்டும் நல்லாத்தானே இருக்கு" என்றாள் மனைவி.

"இது காலைப் பற்றின விசயமில்ல. லைனைப் பற்றின விசயம்."

"பொய்க்கு நொண்டினா உண்மையாவே நொண்டி ஆக்கிருவா சந்தன மாதா" என்றாள். தலவிலவிலுள்ள அந்த மாதாவின் தேவாலயத்துக்கு வருடந்தோறும் மணலில் வெறுங்காலோடு நடந்தே போகிறவள் அவள். நான் வாகனத் தரிப்பிடத்தில் காத்திருப்பேன்.

ரோமுக்குப் பக்கத்துத் துறைமுகத்தில் என் திட்டம் அருமையாக வேலை செய்தது. மனைவி நாற்காலியில், நான் அவளுடைய கைப்பையோடு பக்கத்தில். மக்கள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனோம். நண்பனும் அவன் மனைவியும் வெயிலில் வரிசையில் நின்று நெடுநேரம் கழித்துத்தான் வந்து சேர்ந்தார்கள். அப்போது என் மனைவி தேநீர்க் கோப்பையோடு நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றான் நண்பன். "தங்கச்சிக்கு எப்ப சொகமாச்சு? கப்பல்ல டொக்டர் அவ்வளவு நல்லவரா ஈக்கிறாரு?"

"பகிடி பண்ணாம வா" என்றேன். "முறை தெரிஞ்சவன் நிழல்ல இருப்பான்."

எங்களுக்குக் கிடைத்த அறையும் மற்றவர்களுடையதைவிடப் பெரியது. கதவு அகலம், குளியலறை முழுக்கக் கைப்பிடிகள். நான் அதையும் என் சாதனையாகவே நண்பனுக்குச் சுற்றிக் காட்டினேன். மனைவிக்கு மட்டும் அந்த அறை பிடிக்கவில்லை. "நடக்க ஏலாத ஒரு மனுசருக்குரிய ரூம்ல நாம கால நீட்டிப் படுத்திருக்கிறம்" என்றாள். கப்பலும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"கடலைக் காணம்" என்றாள் இரண்டாம் நாள். "இது கச்சேரி மாதிரி இருக்கு. எங்க பாத்தாலும் லிப்டும் கவுண்டரும். எட்டாம் மாடில நிண்டு கண்ணாடிக்குள்ளால பாக்குறதுக்குப் பேர் கடலா?"

எனக்கு அந்தக் காரணத்துக்காகவே கப்பல் பிடித்திருந்தது. எங்கள் வீடு நுரைச்சோலைப் பக்கம். முற்றத்தில் நின்றால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும், அதற்கு அப்பால் கடல். அந்தத் தூரத்தில்தான் எனக்கும் கடலுக்கும் நல்லுறவு. சின்ன வயதில் ஒருமுறை மாமாவின் வள்ளத்தில் ஏறி, கரை மறைவதற்குள் வயிற்றிலிருந்த எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். பிறகு நன்றாகப் படித்தேன். அரசாங்க உத்தியோகத்துக்கு நான் போனதற்கு வீட்டில் வேறு பல காரணங்கள் சொல்லுவார்கள்.

மனைவியின் கதை வேறு. அவள் அப்பா கடலுக்குப் போனவர். அண்ணன் தம்பிகள் நடக்கப் பழகிய கையோடு வள்ளத்தில் ஏறினார்கள். மீன் தரம் பிரித்தாள், வலை இழுத்தாள், விடியமுன் சாப்பாட்டுப் பொதி கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆனால் வள்ளத்தில் கால்வைக்க அவளுக்கு அனுமதியில்லை. பெண் ஏறினால் மீன் படாது என்பது அந்தக் கரையின் வழக்கம். அவள் அப்பா அன்பான மனிதர்தான். ஆனால் அந்த ஒரு விசயத்தில் கேள்வியே கிடையாது. இப்போது கற்பிட்டியில் டொல்பின் பார்க்க ஊர் உலகமெல்லாம் வள்ளத்தில் போகிறது. அவளும் ஒவ்வொரு பருவத்திலும் கேட்பாள். நான் ஒரு வருடம் மிதவை அங்கியின் தரத்தைக் குறை சொல்லுவேன், இன்னொரு வருடம் காப்புறுதியை. தலை சுற்றும் என்று மட்டும் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டில் மகள்தான் அந்தச் செய்தியைச் சொன்னாள். அடுத்த நாள் ஒரு கிரேக்கத் தீவு. அங்கே இவ்வளவு பெரிய கப்பல் வந்து நிற்கிற அளவுக்குத் துறை இல்லை. கரைக்குச் சற்றுத் தள்ளிக் கடலில் நங்கூரம் போட்டு, கப்பலில் தொங்குகிற சின்ன வள்ளங்களை இறக்கி, ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோவார்கள்.

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "எங்கட அப்பாட வள்ளம் மாதிரியா?"

"அதைவிடப் பெரிசும்மா. மேல மூடி இருக்கும். ஆனா தண்ணிக்கு நல்லாக் கிட்ட."

"கைய நீட்டினாத் தண்ணி படுமா?"

"ஓம், ஓரத்துல இருந்தாப் படும்."

அன்று இரவு அவள் கடலைப் பற்றிக் குறை சொல்லவில்லை. காலையில் எனக்கு முன்பே எழும்பி, நல்ல சேலையொன்றைத் தேர்ந்து உடுத்து, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தேவாலயத் திருநாளுக்கு மட்டும் காணும் முகம் அது.

வள்ளம் ஏறும் இடம் கப்பலின் அடித்தட்டில் இருந்தது. பக்கச் சுவரில் ஒரு கதவு திறந்திருந்தது; அதற்கு வெளியே செம்மஞ்சள் நிற வள்ளம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நண்பனும் அவன் மனைவியும் கப்பலில் தந்த அட்டையைக் காட்டினார்கள், இயந்திரம் ஒரு சிறு சத்தம் எழுப்பியது, போனார்கள். மருமகனும் போனார். என் மனைவியின் அட்டைக்கு இயந்திரம் வேறு மாதிரிச் சத்தம் போட்டது.

வெள்ளைச் சீருடை அணிந்த அதிகாரி திரையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு பின்னால் கை காட்டினார். ஒருவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நடக்க இயலாத பயணிகளை அலை உள்ள நாளில் வள்ளத்தில் ஏற்ற விதியில் இடமில்லை என்றார் அதிகாரி. மிகவும் வருந்துவதாகவும் மேல்தளத்தில் தேநீர் தருவதாகவும் சொன்னார்.

"இவர் நன்றாக நடப்பார்" என்றேன் நான், என் நல்ல ஆங்கிலத்தில்.

"இயலாது என்று நீங்கள்தான் எழுதித் தந்திருக்கிறீர்கள், ஐயா."

"அது பொதுவாக எழுதியது."

அவர் புன்னகைத்தார். அந்தப் புன்னகை எனக்கு நன்கு பழக்கமானது. வண்ணாத்திவில்லிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த மனிதரிடம், நீங்கள் எழுதிக் கொடுத்தபடிதான் ஐயா செய்தோம் என்று கச்சேரி மேசையிலிருந்து சொல்லும்போது நான் அணிந்த அதே புன்னகை. எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கும்போது அது இவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மனைவி என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை. "சரி, பரவாயில்ல. அங்கயும் ஏற விடல்ல, இங்கயும் விடல்ல" என்று மெல்லச் சொல்லிவிட்டு, வந்து நின்ற நாற்காலியைப் பார்த்தாள், உட்காரவில்லை.

நான் மேன்முறையீட்டுக்கு வாய் திறந்தேன். மேலதிகாரி யார், எழுத்து மூலம் எங்கே அறிவிப்பது என்று தொடங்கினேன்.

"அப்பா, நீங்க கொஞ்ச நேரம் பேசாம இருங்க" என்றாள் மகள். அவள் அதிகாரியிடம் இத்தாலிய மொழியில் கதைத்தாள். அதில் ஒரு விதியும் வரவில்லை என்பது எனக்குக்கூட விளங்கியது. தாயைக் காட்டினாள், வள்ளத்தைக் காட்டினாள், ஒருதரம் கண்ணைத் துடைத்தாள், கடைசியில் என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். அதிகாரி சிரித்துவிட்டார். என்ன சொன்னாள் என்று நான் இன்று வரை கேட்கவில்லை.

தரையில் இரண்டு மஞ்சள் கோடுகள் இருந்தன. யாருடைய துணையும் இல்லாமல் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாண்டிக் காட்டினால் போகலாம் என்றார். மனைவி உடனே குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

"செருப்பு அணிந்திருக்க வேண்டும்" என்றார் அதிகாரி. மகள் மொழிபெயர்த்தாள்.

"வள்ளத்துல செருப்போட ஏறுறதா?" மனைவியின் முகம் மாறிப்போனது. "எங்கட அப்பா இருந்தா..." அவள் திறந்த கதவைப் பார்த்தாள். வெளியே வள்ளம் ஒருதரம் ஏறி இறங்கியது. பிறகு செருப்பை மீண்டும் மாட்டிக்கொண்டாள். "சரி. இது அவங்கட வள்ளம். அவங்கட வழக்கம்."

சேலையை ஒரு கையால் சற்றுத் தூக்கிப் பிடித்து, முற்றத்து வாய்க்காலைத் தாண்டுவதுபோல் கோடுகளைத் தாண்டினாள். அதே வேகத்தில் கதவையும் தாண்டி வள்ளத்துக்குள் போய்விட்டாள். யாரும் கை கொடுக்க நேரமிருக்கவில்லை.

அடுத்தது நான். மஞ்சள் கோடுகளை மிக நேர்த்தியாகத் தாண்டினேன். கதவடிக்கு வந்தேன். வள்ளம் மேலே வந்தது, கீழே போனது. கால்கள் நின்ற இடத்திலேயே நின்றன. படிவத்தில் நான் எழுதிய வியாதி இத்தனை நாளும் சரியான ஆளைத் தேடிக்கொண்டிருந்தது போலும்.

"வாங்க, ஒண்டுமில்ல" என்று மனைவி உள்ளேயிருந்து கை நீட்டினாள்.

"நீங்க போங்க. நான் அடுத்ததுல வாறன்."

"அடுத்ததும் தண்ணிலதான் மச்சான் போகும்" என்றான் நண்பன். "நான் ஒருதரம் உசிரக் கைல புடிச்சிக்கிட்டு ஏறினவன். இன்டைக்கி வேடிக்கை பாக்க ஏறியீக்கிறன். ஒனக்கு என்ன வந்த?"

என்ன வந்தது என்று சொல்ல வாயைத் திறக்க முடியவில்லை. திறந்தால் காலைச் சாப்பாடு வந்துவிடும். மகள் என்னை ஒருதரம் பார்த்தாள், தாயை ஒருதரம் பார்த்தாள். "போ, அம்மாவோட போ" என்று கையால் காட்டினேன். அவள் தாண்டிப் போனாள். பின்னால் நின்றவர்களுக்கு வழிவிட்டு நான் ஒதுங்கியபோது, சக்கர நாற்காலி சரியாக என் முழங்காலுக்குப் பின்னால் வந்து தொட்டது. தள்ளுகிறவர் அனுபவசாலி. நான் உட்கார்ந்துவிட்டேன்.

மேல்தளத்தில் என்னை நிழலான இடத்தில் நிறுத்தி, மடியில் ஒரு போர்வையையும் போட்டு, சொன்னபடியே தேநீரும் தந்தார்கள். எனக்கு முன்னால் வரிசை இருக்கவில்லை. கீழே செம்மஞ்சள் வள்ளம் கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதன் ஓரத்திலிருந்து ஒரு கை வெளியே நீண்டு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. கைகளை வெளியே நீட்டக் கூடாது என்று வள்ளத்தில் எங்கேயாவது எழுதியிருக்கும். நான் தேநீரைக் குடித்தேன்.

பின்னேரம் அவர்கள் திரும்பி வந்தபோதும் நான் அந்த நாற்காலியிலேயே இருந்தேன். மனைவி செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். சேலைத் தலைப்பு முழுக்க நனைந்திருந்தது.

"எப்படி?" என்று கேட்டேன்.

அவள் தலைப்பைப் பிழிந்தாள். "எங்கட தண்ணிய விட இதுல உப்புக் கூட" என்றாள்.

பிறகு செருப்பை என் மடியில் வைத்துவிட்டு, நாற்காலியின் பின்னால் போய் நின்று தள்ளத் தொடங்கினாள். எழும்புகிறேன் என்று சொன்னேன். "இருங்க" என்றாள். "லிப்டுக்கு லைன் பெரிசா இருக்கு."