கழுவிக் காயவைத்த கற்கள்

என் வீட்டுக்காரர் போன பிறகு நடந்தவை எனக்குக் கோவையாக நினைவில் இல்லை. யார் வந்தார்கள், யார் சமைத்தார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மீன்தொட்டி விஷயம் மட்டும் அப்படியே நிற்கிறது.

மைசூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கட்டில் நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி உண்டு. ஃபாக்டரி வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்த பிறகு அவர் வாங்கிப் போட்டது. அதில் இரண்டு ஆஸ்கர் மீன்கள். விரித்த கையைவிடப் பெரியவை, கறுத்த உடம்பில் அடுப்புத் தணல் ஒட்டினது போல இருக்கும். தொட்டிக்குக் கீழே, மரக்கதவுக்குப் பின்னால், ஒரு சின்னப் பெட்டி. மேலே இருக்கிற தண்ணீர் அதில் இறங்கி, ஸ்பாஞ்சுக்குள்ளும் வளையம் வளையமான கற்களுக்குள்ளும் புகுந்து, மோட்டார் வழியாக மறுபடி மேலே ஏறும். வாங்கும்போது அந்தக் கற்கள் வெள்ளை. நான் பார்க்கும்போதெல்லாம் பழுப்பாகத்தான் இருந்தன. அவர் அவற்றைக் குழாயடிக்குக் கொண்டுபோனதே இல்லை. தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் மொண்டு, அதிலேயே லேசாக அலசி, பாதி அழுக்கோடு திரும்ப வைப்பார். சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொள்வேன். கேட்டதில்லை. எனக்குக் கேட்டுப் பழக்கமும் இல்லை.

கருமாதி முடிந்த மறுநாள் வீடு முழுக்கக் கழுவினார்கள். தீட்டுக் கழிய வேண்டுமே. ஹனூரிலிருந்து வந்திருந்த அவருடைய அக்காதான் முன்னே நின்றார். எங்கள் பக்கம் நங்கை என்று கூப்பிடுவோம்.

"அவன் பொழங்குன சாமான் ஒண்ணு உடாம கழுவோணும் புள்ள. ஒண்ணு உட்டாலும் தீட்டு நின்னு போயிரும்" என்று சொல்லிக்கொண்டே சேலையை இழுத்துச் செருகினார். என் வீட்டுக்காரர் படுத்த கட்டில், நாற்காலி, கண்ணாடிக் கூடு எல்லாம் வாசலுக்குப் போயின. டிவி ரிமோட்டைக்கூட ஈரத்துணியால் துடைத்தார். பிறகு தொட்டிக்குக் கீழே இருந்த கதவைத் திறந்தார்.

"அட சாமி! சாணிக் குழியாட்டம் வெச்சிருக்கறான் பாரு. இதையுங் கழுவாமயா வெச்சுக்கிட்டு இருந்தீங்க?"

கற்களையும் ஸ்பாஞ்சையும் கூடையில் அள்ளிக் குழாயடியில் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தார். குழாய்த் தண்ணீரில் அன்று பிளீச்சிங் வாடை தூக்கலாக இருந்தது. அப்புறம் மாடியில் பாய் விரித்து வெயிலில் பரப்பினார். சாயங்காலம் கற்கள் வெள்ளை வெளேரென்று திரும்பி வந்தன. நான் நிலைப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு மூன்று நாளில் தொட்டித் தண்ணீர் கஞ்சி கலந்தது போல ஆயிற்று. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒரு காலையில் சின்னது ஒருக்களித்து மிதந்தது. மகள் அதைப் பேப்பரில் சுற்றிப் பப்பாளி மரத்தடியில் புதைத்தாள்.

"மீனுதான புள்ள, அழுவாத" என்றார் நங்கை.

நான் அழவில்லை. அவர் போனதிலிருந்தே எனக்கு அழுகை வரவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடப்பது போலத்தான் வேலைகளைச் செய்துகொண்டிருந்தேன். பெரிய மீன் மட்டும் மேலே வாயைப் பிளந்தபடி நின்றது. அதன்மேல் எனக்குப் பெரிய பாசம் என்று சொன்னால் பொய். ஆனால் மாசம் திரும்புவதற்குள் இந்த வீட்டிலிருந்து இன்னொரு உயிர் வெளியே போகக் கூடாது. அந்த ஒரு எண்ணம் மட்டும் எனக்குள் இருந்தது. மகளிடம், "கடைக்குப் போலாம் வா" என்றேன். நானாகக் கேட்டது அவளுக்கு ஆச்சரியம்.

மகள் நர்ஸ். ட்யூட்டி முடிந்த கையோடு ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனாள். அவர் வழக்கமாகப் போகும் கடைதான். கடைக்காரர் நம் தமிழ் ஆள், மைசூரிலேயே பிறந்ததால் பேச்சில் கன்னடம் கலக்கும்.

"பன்னிம்மா, வாங்க. சார் வரலியா?"

அப்பா போனதை மகள்தான் சொன்னாள். கடைக்காரர் கையிலிருந்த வலையை மடக்கி வைத்தார். பிறகு மகள் கற்களைக் கழுவின கதையைச் சொன்னதும், "அய்யோ, டாப் வாட்டர்லயா? வெயில்ல வேறயா? முகித்து! முடிஞ்சு போச்சு!" என்று தலையில் கை வைத்துவிட்டார்.

"என்ன முடிஞ்சுது?" என்றாள் மகள்.

"அதுல இருந்த பாக்டீரியா மேடம். மீன் கழிவு விஷம். அதைத் தின்னு தண்ணியைச் சரி பண்றதே அந்தப் பாக்டீரியாதான். கல்லு சும்மா வீடு. நீங்க வீட்டைக் கழுவி, குடியிருந்தவங்களைக் கொன்னுட்டீங்க."

"நாங்க ஆஸ்பத்திரியில அதுங்களைக் கொல்றதுக்குத்தான் ராப்பகலாப் பாடுபடறோம்" என்றாள் மகள். அவர் சிரித்தார். நானும் சிரித்திருப்பேன் போல.

மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பினார். பீங்கான் வளையம், முள் முள்ளாகப் பிளாஸ்டிக் பந்து, சிவந்த எரிமலைக் கல், வெளிநாட்டு டப்பாவில் சதுரக் கற்கள், கறுப்பு ஸ்பாஞ்சு. டப்பா எழுத்தெல்லாம் இங்கிலீஷ். ஐந்தாவது வரை படித்த எனக்கு அதில் என்ன தெரியும்? மகள் போனில் எதையோ பார்த்துவிட்டு, "இதுதாம்மா பெஸ்ட், இதுலதான் ஓட்டை ஜாஸ்தி" என்று வெளிநாட்டு டப்பாவை நகர்த்தினாள்.

அங்கே ஒரு டம்ளரில் தண்ணீர் இருந்தது. விரலை நனைத்து ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டு வைத்தேன். பிளாஸ்டிக் பந்தில் சொட்டு உருண்டு ஓடியது. எரிமலைக் கல் குடித்தது, ஆனால் அதன் விளிம்பு விரலைக் கீறியது. பீங்கான் வளையம் புதுப்பானை மாதிரி உடனே உறிஞ்சிக்கொண்டது. வெளிநாட்டுக் கல்லும் அப்படித்தான்.

"இதுல உயிர் இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"புதுசுல ஏதும்மா? அதுவாத்தான் வரணும். மாசக்கணக்கு ஆகும்."

"எதை வாங்குனாலுமா?"

"எதை வாங்கினாலும்."

"அது வரைக்கும் மீன்?"

அவர் மேசைமேல் பரப்பியதைத் திரும்ப அடுக்கினார். கடைக்கு உள்ளே ஒரு பெரிய தொட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதன் அடிப்பெட்டியில் பழுப்புக் கற்கள், என் வீட்டுக்காரர் வைத்திருந்தது போலவே. நான் அதைக் கை காட்டினேன். "அதுல கொஞ்சம் கொடுங்க."

"அம்மா, அது யூஸ் பண்ணது. நாத்தம் வரும்."

"அதாங்க வேணும்."

மகள் என் முகத்தைப் பார்த்தாள். கடைக்காரர் யோசித்தார். "என் மீனுக்கு நோய் ஒண்ணும் இல்ல. இருந்தாலும் அப்படி ஏதாவது வந்தா என்னைத் திட்டக் கூடாது, ஆய்த்தா?" என்று சொல்லி, இரண்டு கை நிறைய அள்ளி அந்தத் தொட்டித் தண்ணீரோடேயே பையில் கட்டிக் கொடுத்தார். மீதி இடத்துக்குச் சாதாரணப் பீங்கான் வளையமே போதும் என்றேன். காயவிடக் கூடாது, குழாய்த் தண்ணீர் காட்டக் கூடாது, மீனுக்குத் தீனியைக் குறைக்க வேண்டும், தண்ணீரைப் பிடித்து வைத்திருந்து தினமும் கொஞ்சம் மாற்ற வேண்டும். இவ்வளவும் மகளிடம்தான் சொன்னார், ஆனால் நான் கேட்டுக்கொண்டேன். ஆட்டோவில் பையை மடியில் வைத்துக்கொண்டேன். சேலை நனைந்தது. எனக்கு உறைக்கவில்லை, மகள் சொல்லித்தான் தெரிந்தது.

நங்கை வாசலிலேயே மூக்கைப் பொத்தினார். "ஏம்புள்ள, தீட்டுக் கழிச்ச ஊட்டுக்குள்ள எவனோ ஊட்டு அழுக்கைக் கொண்டாறியா?"

"மருந்துங் நங்கயா" என்றேன். பையோடு உள்ளே போனேன். அவரும் மறுநாள் ஊருக்கு பஸ் ஏறிவிட்டார்.

கடைக்காரர் கொடுத்த பழுப்புக் கற்களை ஒரு வலைப்பையில் போட்டுப் புது வளையங்களுக்கு நடுவில் வைத்தோம். அன்றிலிருந்து டிரம்மில் தண்ணீர் பிடித்து வைத்து, மறுநாள் வாளி வாளியாக மாற்றுவது என் வேலை ஆயிற்று. மகள் தண்ணீரைச் சோதிக்கிற சொட்டு மருந்தும் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயும் வாங்கி வந்தாள். குழாயில் கொஞ்சம் தொட்டித் தண்ணீர் எடுத்து அதில் மருந்தை விட்டால் மஞ்சளாக நிற்க வேண்டும், பச்சையானால் விஷம். தினமும் பச்சைதான். கரும்பச்சை, பிறகு இலைப்பச்சை. மீன் அடியில் சாய்ந்து கிடந்தது. செவுள் அசைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காபி போடுவேன். இப்படியே போய், ஒரு நாள் கண்ணாடிக் குழாயில் மஞ்சள் நின்றது. சமையலறைக்கு எடுத்துப்போய், மஞ்சள்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். மஞ்சள்தான். சந்தோஷம் என்று ஒன்றும் வரவில்லை. குழாயைக் கழுவிக் கவிழ்த்தேன்.

மாசம் திரும்பின சடங்குக்கு நங்கை மறுபடி வந்தார். படையல் போடுவதற்கு முன் வீட்டைக் கழுவ வேண்டுமென்று வாளியை எடுத்தார். கூடத்தைத் துடைத்துக்கொண்டே வந்தவர், தொட்டிக்குக் கீழே கதவில் கை வைத்தார்.

நான் போய்க் கதவுக்கு முன்னால் நின்றேன்.

"அது கெடக்கட்டுங் நங்கயா."

"நாறுது புள்ள."

"நாறட்டும்."

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் சொன்னதற்கு நான் மறுத்துச் சொன்னதில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அவன் போனதும் உனக்கு வாய் வந்துருச்சாக்கும்" என்றார். வாளியைத் தூக்கிக்கொண்டு வாசற்படியைக் கழுவப் போய்விட்டார்.

நான் தீனி டப்பாவைத் திறந்து நாலு உருண்டை போட்டேன். மீன் அடியிலிருந்து மெதுவாக எழுந்து வந்து, ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டது. அந்த மாதத்தில் வேறெந்த உயிரும் வீட்டை விட்டுப் போகவில்லை.