நகத்தில் நின்ற துளி

பொங்கல் கழிந்த இரண்டாவது திங்கட்கிழமை வியாகுலமேரியின் வலது நடுவிரல் நகம் பாதிக்கு மேல் பிய்ந்துபோனது. ஊறிய பூண்டுப் பல்லின் தோலைக் கீறி இழுத்தபோது, நகமும் சேர்ந்து பின்னுக்கு மடங்கிவிட்டது. விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டு, இடது கையால் அடுத்த பல்லை எடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சங்கிலியம்மாள்தான் முந்தானையில் சிவப்புப் பரவுவதைப் பார்த்தாள்.

"ஏத்தா மேரி, விரலக் காட்டு."

"ஒண்ணுமில்லக்கா. நகந்தான்."

"நகந்தான்னு லேசாச் சொல்லுற. சேலையெல்லாம் நனைஞ்சு கெடக்கு."

வடுகபட்டி பூண்டு மண்டிகளுக்குப் பின்னால் முத்துராஜா நடத்திய கொட்டகை அது. ஓட்டல்களுக்கும் ஊறுகாய்க் கம்பெனிகளுக்கும் உரித்த பூண்டு அங்கிருந்து மூடை மூடையாகப் போகும். பதினோரு பெண்கள் சாக்கை விரித்து வட்டமாக உட்கார்ந்து உரிப்பார்கள். மேரி அங்கே பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். கல்யாணமாகி வந்த மறு வருடமே வந்துவிட்டாள்.

அங்கே யாருக்கும் நகம் நன்றாக இருந்ததில்லை. தண்ணீரிலும் பூண்டுச் சாற்றிலும் நாள் முழுக்க ஊறிய நகம் ஓரம் பிளந்து, மஞ்சளடித்து, தொட்டால் ஒடியும். ஒருத்தி தேங்காயெண்ணெய் தடவுவாள். ஒருத்தி மருதாணி அரைத்துக் கட்டுவாள். சங்கிலியம்மாள் பத்து விரலுக்கும் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டுதான் உட்காருவாள். மேரியும் எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். அவள் நகம் மற்றவர்களுடையதைவிட மோசம். காகிதம்போல மெலிந்து, நடுவில் குழிந்து, ஓரம் மேலே எழும்பி நிற்கும். சேலையை மடிக்கும்போது நூலில் மாட்டும். தலை வாரினால் முடியில் மாட்டும். பூண்டு செய்கிற வேலை என்று விட்டுவிட்டாள்.

விட்டுவிட்டது அது ஒன்றை மட்டுமல்ல. கோயில் படி ஏறினால் நெஞ்சு படபடத்தது. மத்தியானத்தில் கண் இருட்டியது. நாற்பத்து மூன்று வயதாகிறது, இனி இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இன்னொன்றை யாரிடமும் சொல்லவில்லை. மடியில் ஒரு பிடி பச்சரிசி முடிந்து வைத்து, ஆள் பார்க்காதபோது வாயில் போட்டு மென்றுகொண்டிருப்பாள். அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது.

மூன்றாம் நாள் விரல் வீங்கிச் சீழ் கட்டியது. மண்டியில் மூடை தூக்கும் அவள் புருஷன் இருதயம், அன்றைக்கு வேலைக்குப் போகாமல் அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு பெரியகுளத்தில் உள்ள ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

டாக்டர் கயல் இளவயதுப் பெண். சீழை எடுத்து, மருந்து வைத்துக் கட்டு போட்டார். வேலை முடிந்தும் கையை விடவில்லை.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"பூண்டு உரிக்கிறேன் டாக்டரம்மா. எங்க கொட்டகையில எல்லாருக்கும் நகம் இப்படித்தான் இருக்கும்."

டாக்டர் அவளுடைய இடது கையை வாங்கி, சுண்டுவிரலைப் பிடித்தார். "இந்த விரலால பூண்டு உரிப்பீங்களா?"

"இல்ல. அது சும்மா இருக்கும்."

"அப்ப இது ஏன் குழிஞ்சிருக்கு?"

டாக்டர் ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து அந்தச் சுண்டுவிரல் நகத்தின்மேல் ஒரு சொட்டு விட்டார். சொட்டு அப்படியே நின்றது. பிறகு தன் நகத்தில் ஒரு சொட்டு விட்டார். அது வழிந்து ஓடியது.

"ஒடம்புல ரத்தம் ரொம்பக் குறைஞ்சா நகம் கரண்டி மாதிரி குழியும். பூண்டும் தண்ணியும் நகத்தை ஒடைக்கும்தான். ஆனா இப்படிக் குழிய வைக்காது." கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பச்சரிசி திங்கணும்போல இருக்குமா?"

திருடிப் பிடிபட்டவள்போல மேரி தலை குனிந்தாள். இருதயம் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தார். டாக்டர் அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மாதவிலக்கு எத்தனை நாள் போகிறது என்று கேட்டார்.

"பத்து நாளு. சில மாசம் பன்னெண்டு."

"எத்தனை வருஷமா?"

"மூணு வருசம் இருக்கும்."

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தே முக்கால் இருந்தது. கர்ப்பப்பையில் கட்டி இருப்பதை ஸ்கேன் காட்டியது. பயப்படும்படியான கட்டி இல்லை, ரத்தம் ஏறிய பிறகு எடுத்துவிடலாம் என்றார்கள். அன்றைக்கே வார்டில் சேர்த்தார்கள்.

முதல் பாட்டில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தபோது மேரி தன் இடது கையை வயிற்றின்மேல் விரித்து வைத்து, நகங்களையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். இதே நகங்களை அவள் முன்பு ஒரு முறை, இன்னொருத்தி கையில் பார்த்திருக்கிறாள்.

அவளுடைய தங்கை அருள்செல்வி கன்னியர் மடத்துப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள். பூண்டு உரித்ததே இல்லை. கையை அழகாக வைத்துக்கொள்வாள், எப்போதும் நகத்தில் பாலிஷ் இருக்கும். பிள்ளை உண்டாகி ஆறாம் மாதத்தில் அக்கா வீட்டுக்கு வந்து தங்கினாள். அப்போது ஒரு நாள், "சத்து மாத்திரை சாப்பிட்டா கொமட்டுதுக்கா. வெளிக்குப் போனா கறுப்பாப் போகுது. பயமா இருக்கு" என்றாள்.

"ஒத்துக்காதத ஏன் திங்கிற? தூரப் போடு. நான் கீரை ஆக்கித் தாரேன்" என்று சொன்னது மேரிதான்.

சொன்னபடி தினமும் கீரை ஆக்கிக் கொடுத்தாள். முருங்கைக்கீரை, அரைக்கீரை, பேரீச்சம்பழம். மாத்திரை அட்டைகள் அலமாரியில் அப்படியே கிடந்தன. பிள்ளை பிறந்த இரண்டாவது மணி நேரத்தில் அருள்செல்விக்குப் போன ரத்தம் நிற்கவில்லை. "ஒடம்புல ஏற்கெனவே ரத்தமில்லம்மா. இருந்திருந்தா தாங்கியிருப்பாக" என்று ஒரு நர்ஸ் சொன்னாள். அடக்கத்துக்கு முன் தங்கையின் விரல்களைக் கோத்து ஜெபமாலை சுற்றிவிட்டவள் மேரி. பாலிஷ் உதிர்ந்திருந்த இடங்களில் நகம் வெளிறி, நடுவில் குழிந்திருந்தது. சாவு வந்து நகத்தை அப்படி ஆக்கிவிட்டது என்று அன்றைக்கு அவள் நினைத்துக்கொண்டாள்.

சாவு வருவதற்கு வெகு முன்பே அந்த நகம் அப்படித்தான் இருந்திருக்கிறது. பதினாறு வருடம் கழித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில், மேரிக்கு அது புரிந்தது. இருதயம் காப்பி வாங்கி வந்தபோது அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள்.

ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கொடுத்துவிட்ட மாத்திரைகளில் ஒன்றை அவள் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டாள். அதே இரும்புச் சத்து மாத்திரை. முதல் நாள் குமட்டியது. இரண்டாம் நாள் வாந்தி எடுத்தாள். நான்காம் நாள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொல்லைப்புறத்தில் வெகு நேரம் நின்றாள். பிறகு உள்ளே வந்து, சாப்பிட்டுவிட்டு, எலுமிச்சைச் சாற்றோடு மாத்திரையை விழுங்கினாள். டீ குடித்தால் சத்து உடம்பில் ஒட்டாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், அந்த நேரத்து டீயை நிறுத்தினாள்.

நகத்துக்கும் டாக்டர் சில காரியங்கள் சொல்லியிருந்தார். ஒட்ட வெட்டி வைக்க வேண்டும். பல்லால் கடிக்கவோ, பிளந்த இடத்தைப் பிய்க்கவோ கூடாது. தண்ணீரில் கை வைக்கிற வேலைக்கு உள்ளே பருத்திக் கையுறையும் மேலே ரப்பர் கையுறையும் போட வேண்டும். படுக்கும்போது நகக்கண்ணில் எண்ணெய் தடவ வேண்டும். "எண்ணெய் நகம் ஒடையாமப் பாத்துக்கும். குழி நிமிரணும்னா உள்ள ரத்தம் ஏறணும். ஒரு நகம் அடியிலேருந்து நுனி வரைக்கும் புதுசா வளர ஆறு மாசம் ஆகும். அவசரப்படாதீங்க" என்றும் சொல்லியிருந்தார். முத்துராஜாவிடம் கேட்டு, ஈர வேலையை விட்டுவிட்டு, காய்ந்த பூண்டைத் தரம் பிரிக்கும் வேலைக்கு மேரி மாறிக்கொண்டாள்.

அருள்செல்வி விட்டுப்போன பிள்ளைதான் ஜோதிகா. அவளுடைய அப்பா ஜேசுராஜ் மறு கல்யாணம் செய்துகொண்டு மலைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போய்விட்டான். மேரிக்கு வேறு பிள்ளையில்லை. பிறந்த மூன்றாம் நாளிலிருந்து வளர்த்தவள் அவள். ஜோதிகா இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். அம்மாவைப்போலவே நகத்தில் எப்போதும் பாலிஷ் போட்டிருப்பாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பாலிஷை அழிக்கச் சொன்னாள் மேரி.

"எதுக்குப் பெரியம்மா? நேத்துத்தான் போட்டேன்."

"அழிச்சிட்டுக் கையக் காட்டுத்தா."

பாலிஷ் அழிக்கும் மருந்தில் பஞ்சை நனைத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள் ஜோதிகா. நகம் குழியவில்லை. ஆனால் வளைவில்லாமல் தட்டையாக, வெளிறி, நுனியில் ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. ரத்தம் சோதிக்க நாளைக்குப் போவோம் என்றாள் மேரி. எனக்கு ஒன்றுமில்லை, பரீட்சை இருக்கிறது என்று ஜோதிகா எழுந்துகொண்டாள். மேரி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். மாத்திரையைத் தூரப் போடச் சொன்னதைச் சொன்னாள், கீரை ஆக்கியதைச் சொன்னாள், ஜெபமாலை சுற்றியபோது பார்த்ததையும் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. தனக்கு அப்போது தெரியாது என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஜோதிகா பஞ்சையும் மருந்தையும் எடுத்து வைத்துவிட்டு, "காலையில எத்தனை மணிக்குப் போகணும்?" என்று கேட்டாள்.

அவளுக்கு எட்டரை இருந்தது. மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிட்டாள். ஆனால் ஒன்பது நாள் மேரியோடு பேசவில்லை. கேட்டதற்குத் தலையாட்டுவாள், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பாள், அவ்வளவுதான். இருதயத்துக்கு விஷயம் தெரிந்தது. "நான் வேணும்னா அவகிட்டப் பேசுறேன்" என்றார்.

"வேண்டாங்க. அவ கோவம் அவளுக்கு நாயந்தான்."

பத்தாம் நாள் காலையில், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"மாத்திரையச் சொன்னதுக்கு எனக்குக் கோவமில்ல பெரியம்மா. ஒனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்ட."

மேரி அடுப்பைத் தணித்துவிட்டு நின்றாள்.

"பதினாறு வருசமா அம்மாவப் பத்தி நீ வாயே தொறக்கல. ஒரு போட்டோவக்கூட எடுத்துக் காட்டல. நான் கேட்டா எந்திரிச்சுப் போயிருவ. அதுதான் கோவம்."

பஸ் வந்துவிட்டது. அவள் போய்விட்டாள். அன்றைக்குக் கொட்டகையில் மேரி பிரித்த பூண்டையே திரும்பவும் பிரித்தாள்.

ஏப்ரலில் நகக்கண்ணை ஒட்டிப் புது நகம் தெரிந்தது. பழையதற்கும் புதியதற்கும் நடுவே மெல்லிய கோடு. அந்தக் கோடு மாதத்துக்கு அரிசியளவுகூட நகரவில்லை. ஆகஸ்டில் அறுவை சிகிச்சை செய்து கட்டியோடு கர்ப்பப்பையை எடுத்தார்கள். அதற்குள் ரத்தம் பதினொன்றுக்கு வந்திருந்தது. பச்சரிசி ஆசை எப்போது போனது என்றே அவளுக்கு நினைவில்லை. பிய்ந்துபோன நடுவிரல் நகம் மட்டும் நேராக முளைக்காமல், குறுக்கே ஒரு மேட்டோடுதான் வளர்ந்தது. அது இனி அப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டர்.

கொட்டகையில் மேரி யாருக்கும் புத்தி சொல்லவில்லை. வேலை முடிந்து கை கழுவும்போது ஒவ்வொருத்தி விரலையும் பார்ப்பாள். நகம் குழிந்திருந்தால், தன்னோடு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுவாள். நாலு பேரை அப்படிக் கூட்டிப்போனாள். சங்கிலியம்மாள் மட்டும் இரண்டு மாதம் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள் தானே வந்து, பிளாஸ்திரியைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினாள். "பாரு. திட்டாம சொல்லு" என்றாள். அவளுக்கு ஏழுதான் இருந்தது. முத்துராஜா எல்லாருக்கும் கையுறை வாங்கிப் போட்டார். முதல் வாரம் வேலை ஓடவில்லை. பிறகு கை பழகிவிட்டது.

நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள். இருதயமும் மேரியும் ஜோதிகாவும் சாயந்திரமே கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். இருதயம் குடம் எடுத்துத் தண்ணீருக்குப் போனார். அருள்செல்வியின் கல்லறையில் முளைத்திருந்த கோரைப்புல்லை மேரி குனிந்து பிடுங்கினாள். ஜோதிகாவும் பக்கத்தில் உட்கார்ந்து பிடுங்கினாள். பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிய பிறகு, சிலுவையில் எழுதியிருந்த பெயரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அம்மா எப்படி இருப்பாக?"

மேரி எழுந்திருக்கவில்லை. சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு மண்ணிலேயே வசதியாக உட்கார்ந்தாள்.

"சிரிச்சா சத்தமே வராது. தோளு மட்டும் குலுங்கும். சின்னப் பிள்ளைக கையப் பிடிச்சு எழுதச் சொல்லிக்கொடுப்பா. இடது கையால எழுதுற பிள்ளைய யாரையும் திட்ட விடமாட்டா, அவளும் இடது கை. ஒங்க தாத்தா அடிச்சு அடிச்சுப் பாத்தாரு, மாத்த முடியல."

"நானும் இடது கைதான."

"ஆமாத்தா. நீ மொதல்ல பென்சிலப் பிடிச்ச அன்னைக்கு நான் உள்ள போயி அழுதேன்."

தண்ணீர்க் குடத்தோடு வந்த இருதயம், அவர்கள் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளியே குடத்தை இறக்கி வைத்தார்.