ஏரிக்குப் போகாத மாடுகள்

நெதர்லாந்தின் வடக்கே நான் வேலை செய்யும் அலுவலகத்தில், மதியம் ரொட்டியைக் கடித்தபடியே ஒருவர் "உங்கள் திட்டம் தவறு" என்று என் முகத்துக்கு நேரே சொல்லுவார். அடுத்த மூச்சில் வெண்ணெயை எடுத்துத் தரச் சொல்லுவார். குழுவின் தலைவி நான். பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும் எனக்கு அது பழகவில்லை. ஆனாலும் போன வருடம் என் உயிரை வாங்கியது தமிழ்நாட்டில் மானாம்பதியிலிருந்து வாராவாரம் வீடியோவில் வந்த "பாக்கலாம்க்கா"தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் செய்தது மாட்டுக்கான கழுத்துப் பட்டை. பருவத்துக்கு வந்த மாடு நிலைகொள்ளாமல் நடக்கும். பட்டை அந்த நடையை எண்ணி, சினை ஊசி போடும் நேரம் வந்துவிட்டதென்று உரிமையாளரின் செல்போனுக்குச் சொல்லும். இங்குள்ள பண்ணைகளில் நன்றாகவே வேலை செய்தது. உத்திரமேரூர்ப் பக்கமும் சோதிக்கலாம் என்று அடம்பிடித்தவள் நான். கூட்டத்தில் யோஹான் என்ற பொறியாளர் ஒன்றே ஒன்று கேட்டார்: அங்கே மாடுகள் நடக்குமா? எனக்குச் சிரிப்பு வந்தது. அதே பக்கத்துக் காவாந்தண்டலத்தில் நான் பள்ளிக்குப் போன காலத்தில் காலையில் ஏரிக்குள் இறங்கும் மாடுகள் பொழுது சாயத்தான் திரும்பும். நாளெல்லாம் நடக்கும் என்றேன். அந்தப் பக்கத்துக்காரியே சொன்னபிறகு அவர் வேறு யாரைக் கேட்பார்?

அங்கே மானாம்பதியில் பால் அளந்துகொண்டிருந்த செல்வியைக் களப்பணிக்குச் சேர்த்தோம். இருபது மாடுகளுக்குப் பட்டை மாட்டினாள். மூன்று மாதமாகியும் ஒரு பட்டைகூட வாய் திறக்கவில்லை. இறுக்கிக் கட்டினாயா, சார்ஜ் இருக்கிறதா என்று வாராவாரம் அவளைக் குடைந்தேன். "பாக்கலாம்க்கா" என்பாள். அதை "செய்துவிடுவாள்" என்று மொழிபெயர்த்து யோஹானிடம் சொல்லுவேன். அடுத்த வாரமும் அதே கதை. இங்கே ஒருவரும் வாயை மூடுவதில்லை, அங்கே ஒருத்தி வாயைத் திறப்பதில்லை என்று நொந்துபோய் விமானம் ஏறினேன்.

செல்வி என்னை நேராக ஏகாம்பரம் என்ற விவசாயியின் கொட்டகைக்கு அழைத்துப் போனாள். இரண்டு கலப்பினப் பசுக்கள். கழுத்தில் எங்கள் பட்டை. அதற்குக் கீழே ஒரு முழக் கயிறு, முளைக்குச்சி. தீவனமும் தண்ணீரும் நின்ற இடத்திலேயே. மேய்க்க ஆளில்லாமல் ஏரிக்கு ஓட்டுவது நின்று பல வருடம் ஆகிறதாம். ஏன் சொல்லவில்லை என்று அவளிடம் சீறினேன்.

"மொத வாரமே எய்தி அனுப்சேனே. மாடு கட்டியே கீது, எங்க நடக்கும்னு."

செல்போனில் அவள் முதல் வாரம் நிரப்பி அனுப்பிய படிவத்தைத் தேடினேன். கடைசியில், "வேறு செய்தி" என்ற கட்டத்தில் இருந்தது. அதுவரை நான் கீழே இறங்கிப் பார்த்ததே இல்லை.

"வாயால சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன்க்கா. எனக்கே மாட்டப் பத்தி சொல்றியான்னு கேட்டீங்க. அப்பால இன்னா சொல்றது?"

அப்படிச் சொன்னது எனக்கு நினைவில்லை. சொல்லியிருக்கக் கூடியவள்தான் நான்.

ஏகாம்பரம் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "மாடு கத்தும்போதே பருவம்னு தெரிஞ்சிதும்மா. பட்டை சொல்லட்டும்னு இருந்துட்டேன்" என்றார். அந்தப் பசுவுக்கு அப்படி இரண்டு பருவம் தப்பியிருந்தது. வேலை செய்யாத கருவியை இருபது கழுத்தில் மாட்டியதோடு, வேலை செய்துகொண்டிருந்த அவர் காதையும் நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன். அவரிடமும் செல்வியிடமும் மன்னிப்புக் கேட்டேன். பட்டைகளைக் கழற்றினோம். அடுத்த முறை பசு கத்தியதும் ஏகாம்பரமே மருத்துவரைக் கூப்பிட்டார்.

தலைமை பற்றி நான் கற்றது இவ்வளவுதான்: எனக்குத் தெரியும் என்று நான் சொன்ன நொடியில் மற்றவர்கள் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பேசவில்லை என்று அவர்கள் மேல்தான் இத்தனை நாளும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

ஊரைவிட்டுக் கிளம்புமுன் அதே கொட்டகையிலிருந்து குழுவோடு பேசினோம். தவறு என்னுடையது என்று முதலில் சொன்னேன். யோஹான் தலையாட்டிவிட்டு, கட்டிப்போட்ட மாட்டுக்குப் பருவம் வந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டார். செல்வி கேமராவைப் பசுக்கள் பக்கம் திருப்பினாள். "எங்க ஊர்ல மாடு படுக்காம கால மாத்தி மாத்தி நிக்கும். அத எண்ணச் சொல்லுங்க" என்றாள். என்னையும் சேர்த்து 'நம்ம ஊர்ல' என்று சொல்லவில்லை. நான் டச்சில் சொன்னேன். அந்த மொழியில் எங்களுக்கும் நமக்கும் ஒரே சொல்தான். யோஹான் குறித்துக்கொண்டார்.