அந்தப் பெட்டி சொன்னது சரிதான்

தங்கவயலில் சுரங்கத் தொழிலாளிக்குப் பிறந்தவன் நான். அப்பா இறங்கிய சுரங்கத்தில் இரவும் பகலும் மோட்டார் ஓடித் தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கும். பாறைக்குள் தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியாது என்பார். அதைக் கேட்டு வளர்ந்தும், பொம்மனஹள்ளிக்கு வேலைக்கு வந்ததும் அடியோடு மறந்துபோனேன். என் புத்தியை என்ன சொல்ல?

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். பத்துப் பேர் வேலை செய்த சின்ன எலக்ட்ரானிக்ஸ் பட்டறை. சொட்டுநீர்க் குழாயைத் தானாகத் திறந்து மூடும் பெட்டி ஒன்றைச் செய்தோம். மண்ணில் ஊன்றிய கம்பி ஈரத்தை அளந்து சொல்லும். மண் காய்ந்தால் பெட்டி வால்வைத் திறக்கும், நனைந்தால் மூடிவிடும். திறந்தும் நனையவில்லை என்றால் பீப் பீப் என்று கத்தும். கத்த வைத்தது என் யோசனை. முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார், நான் இரண்டு நாள் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

பேகூர் பக்கம் மல்பெரித் தோட்டம் வைத்திருந்த ஓர் அக்காவுக்குப் பெட்டியை மாட்டிக் கொடுத்தேன். கணவர் இல்லை. தோட்டத்து இலை, அதைத் தின்னும் பட்டுப்புழு, அது கட்டும் கூடு, இதுதான் பிழைப்பு. "இனிமே தண்ணி வீணாகாது அக்கா. நீங்க மிச்சம் புடிக்கிறது உங்க போர்வெல்லயே இருக்கும், பானையில இருக்கிற மாதிரி" என்றேன். அவர் என்னை நம்பினார். சொன்னபடியே ஒரு வருடம் முன்பைவிடக் குறைந்த தண்ணீரில் இலை தளதளவென்று வந்தது.

அடுத்த வருடம் கோடையில் பட்டறைக்குப் போன் வந்தது. "தம்பி, உன் பொட்டி நிக்காம கத்துது. ஸ்வல்ப வந்து பாரு."

உதிரி போர்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பெட்டியில்தான் கோளாறு இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனேன். கோளாறு என்றால் சரிசெய்துவிடலாம்.

கம்பியைப் பிடுங்கித் துடைத்து வேறு இடத்தில் ஊன்றினேன். போர்டை மாற்றினேன். வால்வு திறந்தது. குழாயிலிருந்து காற்று மட்டும் புஸ்ஸென்று வந்தது. பெட்டி சொன்னது சரி. பத்து நாளாகக் குறைந்துகொண்டே வந்த போர்வெல் முந்தாநாள் நின்றே போயிருந்தது.

"நாலாவது ஜ்வரம் தாண்டிடுச்சு தம்பி" என்றார். புழு தோல் உரிக்கப் படுப்பதை அங்கே ஜ்வரம் என்பார்கள். நாலாவது முறை எழுந்த பிறகு ஒரு வாரம் அகோரப் பசி, அப்புறம் கூடு. "இன்னும் நாலு நாள். நாலே நாள் இலை இருந்தா போதும்." வெளியே இலை வாங்க இரண்டு ஊர் அலைந்திருக்கிறார். அவரவர் புழுவுக்கே பற்றவில்லை.

பக்கத்து மனையின் சுவருக்கு அந்தப்புறம் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். புதிதாகப் போட்ட போர்வெல், தன்னுடையதைவிட ஆழம் என்றார் அக்கா. மஞ்சள் டேங்கர் ஒன்று நிரம்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் டிரைவரிடம் இரண்டு லோடு கேட்டேன்.

"எல்லாம் புக் ஆயிடுச்சு சார்" என்றவன் என்னை உற்றுப் பார்த்தான். "நீங்க அந்தப் பட்டறை சார்தானே? உங்களுக்கும் நாளைக்குக் காலையில ஒரு லோடு இருக்கே."

வாராவாரம் பட்டறைத் தொட்டியில் விழுவது இந்தத் தண்ணீர்தான். ஒரு வருடமாக அக்கா சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்ததில் எவ்வளவு அதில் வந்ததோ, யார் கண்டது. சட்டப்படி யார்மேலும் குற்றம் இல்லை.

தெருமுனை எஸ்டிடி பூத்திலிருந்து முதலாளியைக் கூப்பிட்டேன். நாளைய லோடை இங்கே ஊற்றச் சொல்லலாமா என்று கெஞ்சினேன். "ஒரு லோடு ஊத்தினா காஞ்ச இலை நாளைக்கே பச்சையாயிடுமா? யோசிச்சுப் பேசுப்பா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவர் பொறுமையாகத்தான் சொன்னார், சொன்னதும் சரிதான்.

திரும்பி வந்தபோது அக்கா புழு வளர்க்கும் கொட்டகைக்குள் நின்றிருந்தார். நானும் உள்ளே போனேன். அந்தப் பருவத்தில் புழுக்கள் மேயும் சத்தம் தூறல் போலக் கேட்கும். அன்று தட்டுகளில் சுருண்ட இலைகள் அப்படியே கிடந்தன. புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கித் தேடிக்கொண்டிருந்தன. வெளியே பெட்டி விடாமல் கத்தியது.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அந்தச் சத்தத்தையாவது நிறுத்திட்டுப் போ தம்பி, கேக்க முடியல" என்றார்.

பெட்டியைத் திறந்து பஸ்ஸருக்குப் போகும் சிவப்புக் கம்பியை வெட்டினேன். சத்தம் நின்றது. அங்கே என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

மறுநாள் காலை பட்டறை வாசலில் மஞ்சள் டேங்கர் ஹாரன் அடித்தது. புதிய பெட்டிகளுக்காகப் பற்றவைத்த போர்டுகளைத் தண்ணீரில் கழுவுவதற்காக அடுக்கி வைத்திருந்தார்கள். தொட்டி மூடியைத் திறந்துவிடுவது என் வேலை. போய்த் திறந்துவிட்டேன்.