அம்மா வழியில் வந்தது

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மண்டூரில் இருந்தோம். வயதுக்கு வந்த பையன் வீட்டில் இருந்தால் பெற்றவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்த காலம். ராணுவம் சுற்றிவளைப்பில் கொண்டுபோனால் திரும்பி வருவானா என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில்தான் என் தம்பிக்குக் கப்பலில் வேலை சரிவந்தது. டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். பெண்கள் கூடப் போனால் சோதனைச் சாவடியில் கெடுபிடி குறையும் என்று அம்மாவும் நானும் அவனோடு கொழும்புக்குப் பஸ் ஏறினோம்.

டாக்டர் தமிழர்தான். நிறநிறமாகப் புள்ளி போட்ட புத்தகத்தை விரித்து, என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். இருபத்தொன்று என்றான் தம்பி. பின்னால் நின்ற அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“என்ன மனே, எழுபத்திநாலெண்டு பெரிசாக் கிடக்கு!”

அடுத்த பக்கங்களிலும் அதே கதைதான். சிவப்பும் பச்சையும் அவனுக்குப் பிரித்துத் தெரியவில்லை. மிளகாய் ஆயப் போனால் பழத்தோடு காயையும் பிடுங்கி வருவான். அம்மாவின் தம்பியும் அப்படித்தான். மாமனைப் போல மருமகன் என்று சிரிப்போமே தவிர, அதை ஒரு குறையாக நாங்கள் நினைத்ததேயில்லை. கடலில் எதிரே வரும் கப்பலின் விளக்கு சிவப்பா பச்சையா என்று தெரியாதவனை எப்படி ஏற்றுவது என்றார் டாக்டர்.

“மருந்து ஏதும் இல்லையா ஐயா?” என்று அம்மா கெஞ்சினா.

“இது மருந்தால மாறுற வருத்தமில்ல அம்மா, பிறப்பில வாறது. உங்கட பக்கத்தாலதான் வந்திருக்கு.”

நல்ல மனுசன், பொறுமையாக விளக்கினார். நிறம் பார்க்கும் விசயம் தாயின் உடம்பில் இரண்டு பிரதியாக இருக்குமாம். ஒன்று பழுதென்றாலும் மற்றது சமாளித்துவிடும். கருமுட்டை உண்டாக உடம்பின் உயிர்க்கலம் பிரியும்போது இரண்டில் ஒன்றுதான் முட்டைக்குப் போகும். பெண் பிள்ளைக்குத் தகப்பனும் ஒன்று தருவார்; ஆண் பிள்ளைக்குத் தாய் தந்த அந்த ஒன்றுதான் கதி. எது போகும் என்பது யார் கையிலும் இல்லை.

அம்மாவின் காதில் ஏறியது ‘உங்கட பக்கத்தால’ மட்டும்தான். எங்கள் பகுதியில் குடி என்கிற வம்சப் பிரிவு தாய்வழியில் வருவது. கோயில் திருவிழாவில், “எண்ட புள்ளைகள் எண்ட குடி” என்று நிமிர்ந்து நிற்பவ அம்மா. அதற்குப் பிறகு அந்தக் குடிப் பேச்சையே எடுக்கவில்லை.

அடுத்த அறுவடைக்கு வட்டை வயலுக்குப் போன தம்பியைச் சுற்றிவளைப்பில் பிடித்தார்கள். முகாம் முகாமாக ஏறி இறங்கினோம். அவன் வரவேயில்லை.

“ரெண்டு இருந்ததெண்டாரே புள்ள, மத்ததக் குடுத்திருக்கலாமே நான்” என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தா. நான் பள்ளிக்கூடத்தில் உயிரியல் படித்தவள். நிலத்தில் கலத்தைக் கீறிக் காட்டி, “அது நீங்க பாத்து எடுத்துக் குடுக்கிற சாமான் இல்லம்மா” என்பேன். தலையை ஆட்டுவா. விடிந்ததும் அதையே கேட்பா. கேட்டபடியே கண்ணை மூடிவிட்டா.

அம்மாவின் இரண்டில் எது எனக்கு வந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. பழுதானதே வந்திருந்தாலும் அப்பா தந்தது சமாளித்திருக்கும். நான் கப்பலேறவும் வேண்டியிருக்கவில்லை. ஒருவேளை நல்லதுதான் எனக்கு வந்ததென்றால், அது தேவைப்பட்டவன் தம்பி ஒருவன்தானே என்ற நினைப்பு இந்த வயதிலும் என் நெஞ்சை அறுக்கிறது.