குஞ்சு காத்த விரால்

பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு ரப்பர் தவளை தொங்கியது, வயிற்றடியில் தூண்டில் முள்ளோடு. "தாத்தா, விராலுக்கு இதப் போட்டா தப்பவே தப்பாது" என்றான் கடைக்காரன். எனக்கா தெரியாது?

என் சின்ன வயதில், எங்கள் ஊர்ப் பீங்கான் சூளைகளுக்குப் பின்னால், களிமண் கழுவின நீர் கலந்து பால் மாதிரி வெளுத்து ஓடிய ஓடையில், கெளுத்திக்கு மண்புழுவும் கெண்டைக்குப் பிசைந்த மாவும் போதும். ஆனால் செக்கச்செவேலென்று மிதக்கும் குஞ்சுக் கூட்டத்துக்கு அடியில் காவல் நிற்கிற விரால் எந்த இரையையும் சீண்டாது. அந்தக் குஞ்சுகளுக்குத் தினமும் பொரி போட்டு வந்தவள் என் தங்கை செல்வி.

"அண்ணா, அத வுட்டுடுண்ணா. குஞ்சுங்க இன்னும் பெருசாவல."

"போடி, நீயா பெத்த?"

உயிர்த் தவளையை முள்ளில் மாட்டி, குஞ்சுகளின் நடுவே தத்த விட்டேன். விரால் பாய்ந்து கடித்தது, பசியால் இல்லை, தவளையை விரட்டத்தான். குழம்பில் நான் மூன்று துண்டு தின்றேன். மறுநாள் ஓடையில் ஒரு குஞ்சும் இல்லை, கெளுத்திகள் தின்றுவிட்டிருந்தன.

இப்போது அந்த ஓடை உடைந்த கோப்பைகளால் தூர்ந்து கிடக்கிறது. செல்விக்கும் அறுபதாகிவிட்டது. என் வீட்டுக்கு வரும்போது மீன் குழம்பு வைத்தால் மட்டும் தட்டை நகர்த்திவிடுவாள்.

"பசிக்கலண்ணா" என்பாள்.