லைட் அடித்தால் யாருக்கு வழி?

பிள்ளைகளே, கொழும்புக்கு வந்து இத்தனை நாளாகியும் வெள்ளவத்தையில் வீதியைக் கடக்க எனக்குப் பயமாக இருக்கிறது. எதிரே வரும் வாகனங்கள் லைட்டை அடித்து அடித்து அணைக்கின்றன. நீங்கள் இருக்கும் லண்டனில் அதற்கு "நீ போ" என்று பொருள். இங்கே "நான் வாறன், நீ நில்" என்று பொருள்.

இதே கொழும்பில், கொட்டாஞ்சேனையில் வான் ஓடிப் பழகிய கை என்னுடையது. அந்தக் கையோடுதான் லண்டனில் பள்ளிக்கூட வான் ஓடும் வேலைக்குப் போனேன். நான் ஆசைப்பட்டுச் செய்த ஒரே வேலை அது. ஒரு காலை, பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, குறுக்குத் தெருவில் ஒரு பெண் காரோடு நின்றார். லைட் அடித்தேன். அவர் சிரித்துக் கையைக் காட்டிவிட்டு முன்னே வந்தார். லைட் அடித்தாயிற்று, நிற்பார் என்று நான் வேகத்தைக் குறைக்கவில்லை. மோதியதில் அவருடைய மணிக்கட்டு உடைந்தது.

"லைட் அடிச்சு வரச் சொன்னது நீதானே?" என்று வலியோடு கேட்டார்.

"இல்லை மிஸிஸ், நிக்கத்தான் சொன்னனான்" என்றேன், என் அரைகுறை ஆங்கிலத்தில். பொலிஸ்காரர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

கவனமில்லாமல் ஓட்டியதாகத் தீர்ப்பு. லைசன் பதிவில் அது நாலு வருடம் நிற்கும். "அது போன பிறகு வாருங்கள்" என்று முதலாளி மரியாதையாகத்தான் சொன்னார். "அது எப்ப அழியும், அப்பா?" என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் நான் எழும்பிப் போனது அதனால்தான்.

இங்கே என் மச்சான் செல்வம் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"நாலு வருசமோ? இஞ்ச எண்டா பொலிஸ் லைசனை வாங்கிக்கொண்டு துண்டு தருவான். போஸ்ட் ஒபிசில தண்டத்தைக் கட்டினா ஆள் சுத்தம். வெள்ளைக்காரன் உனக்குப் பச்சையெல்லோ குத்தி விட்டிருக்கிறான்!"

ஆளுக்குக் காயமென்றால் இங்கேயும் நீதிமன்றம்தான். என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னான்.

"பேசாமல் இஞ்ச நில்லு மச்சான். என்ர ஸ்கூல் வானை ஓடு" என்று சாவியையும் கையில் வைத்தான். எனக்கு நெஞ்சு பொங்கியது.

வான் காலி வீதிக்கு மறுபக்கம் நின்றது. ஆட்கள் கடக்கும் மஞ்சள் கோட்டருகே நின்றோம். தூரத்தில் ஒரு பஸ் லைட் அடித்தது. நன்றி சொல்லக் கையை உயர்த்திவிட்டு நான் வீதியில் இறங்கினேன். செல்வம் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"விசரோ உனக்கு? அவன் எங்கயடா வழி விட்டவன்?"

பஸ் உரசிக்கொண்டு போனது. சாவியை அவனிடமே கொடுத்தேன். பஸ் போய் மறைந்த பிறகும், நன்றி சொல்ல உயர்த்திய என் கை இறங்காமல் அப்படியே நின்றது.